வேறு வெளிச்சம் இல்லை

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? ஆபரேஷன் செய்த கண்ணில் அம்மாவுக்குப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. என் அறையிலிருக்கும் தூசியெல்லாம் இப்போது அவள் கண்ணில் படுகிறது, எனக்குத்தான் நிம்மதி போயிற்று. உன் முட்டி எப்படி? போன தடவை வந்தபோது மாடிப்படியில் படிக்குப் படி நின்று, சுவரில் இருக்கும் படத்தைப் பார்க்கிற மாதிரி பாசாங்கு செய்தாய். எங்கள் மாடிப்படிச் சுவரில் படமே கிடையாது.

அதனால் ஒரு ஹீட்டர் வாங்கி, வாரம் ஒருமுறை உங்கள் மலைக்கு ஏறும் வியாழக்கிழமை ஜீப்புக்கு அனுப்பியிருக்கிறேன். கம்பி சிவக்கச் சிவக்கச் சூடேறும் ரகம். பட்டறையில் உன் மேஜைக்கடியில் வைத்துக்கொள். "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்று பெட்டியோடு பரணில் ஏற்றினால் அண்ணி எனக்கு எழுதிவிடுவார்கள்.

உன் தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்ட உங்கள் நிலையச் சமையல்காரரிடம் "நட்சத்திரம் எண்ணுறா" என்று சொன்னாயாமே. பதினெட்டு வருஷம் டெலஸ்கோப்பைத் துடைத்தவன் வாயில் வரும் பேச்சா இது? இனி கேட்டால் இப்படிச் சொல். நீங்கள் மலைமேல் படம் எடுக்கிறீர்கள். அந்தப் படங்களில் வெடித்துச் சாகும் நட்சத்திரங்களை நாங்கள் பொறுக்குகிறோம். ஒரு வகை நட்சத்திரம் எங்கே வெடித்தாலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்தான் தரும். மங்கலாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது. தூரம் என்றால் பழைய காலம். அந்த ஒளி வந்து சேரவே அத்தனை காலம் ஆகியிருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினால் எந்தக் காலத்தில் பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிந்தது என்று தெரிந்துவிடும். அந்த வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பது பழைய செய்தி. எது கூட்டுகிறது என்று தெரியாததால் இருண்ட ஆற்றல் என்று பேர் வைத்திருக்கிறோம். பேர் வைத்துவிட்டால் பாதி தெரிந்த மாதிரி ஒரு தைரியம். எங்கள் கேள்வி இதுதான்: அந்தத் தள்ளு என்றைக்கும் ஒரே அளவா, இல்லை தளர்ந்துகொண்டு வருகிறதா?

இங்கே எல்லோருக்கும் 'தளர்கிறது' என்று வர வேண்டுமென்று ஆசை. புது விடை என்றால் பேர் கிடைக்கும். ஆசைப்பட்ட பக்கமாகவே கை சாயும் என்பதால் எங்கள் குழுவில் ஒரு பெரியவர், சாவிக்காரம்மா என்போம், ஒரு ரகசிய எண்ணை எல்லாத் தூரங்களிலும் கலந்து வைத்திருக்கிறார். ஜூன் 21 அன்று அதை எடுப்பார். அதுவரை எங்கள் கையிலிருப்பது பொய் விடை. எந்தத் திருத்தம் விடையை மாற்றும், எது மாற்றாது என்று அவரைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. தவறிப்போய் யாராவது அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் அன்றே சொல்லிவிட்டு இந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு நான்கு வருஷம் சமைத்திருக்கிறேன் அண்ணா. உப்புப் பார்க்கக்கூட அனுமதியில்லை.

எனக்கு எதிர் மேஜைக்காரரின் பேர் சந்தேகம். நாங்கள் வைத்ததுதான். டீ வந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு "இது டீதானா?" என்பார்.

காலுக்குக் கம்பளி போடு. அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

உன் தங்கை


ஜனவரி 27

வாலுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். அம்மா கண்ணில் வெயில் படாமல் பார்த்துக்கொள். உன் கடிதமும் ஹீட்டரும் முட்டைகோஸ் மூட்டைக்கு நடுவில் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஹீட்டரைப் பட்டறையில் வைத்தாயிற்று. என் கால் இப்போது ராஜா வீட்டுக் கால்.

நீ எழுதிக் கொடுத்ததைச் சமையல்காரரிடம் ஒப்பித்தேன். அவர் முகம் மாறவே இல்லை. அதனால் என் வழியில் சொன்னேன். "மேட்டுல ஏறுற ஜீப்புக்கு இன்ஜினை அணைச்சா என்ன ஆகும்?" "வேகம் குறையும்." "குறையாம கூடிக்கிட்டே போனா?" "யாரோ பின்னால தள்றான்." "அதேதான்." அவர் கரண்டியை வைத்துவிட்டு, "யாருன்னு இறங்கிப் பார்க்க வேண்டியதுதானே" என்றார். அவரை உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் கேமராவிலிருந்து பதினொரு ஃபில்டர் கண்ணாடிகளையும் கழற்றி அளக்கிறோம். வருஷா வருஷம் செய்வதுதான். பட்டறை ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, ஒரு பக்கம் விளக்கு, நடுவில் கண்ணாடி, அந்தப் பக்கம் மீட்டர். நூறு பங்கு வெளிச்சத்தில் எத்தனை பங்கு கண்ணாடி வழியாக வருகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். துடைத்தது யார், எத்தனை மணி, அறையில் வேறு வெளிச்சம் உண்டா, எல்லாவற்றுக்கும் படிவத்தில் ஒரு கட்டம். இந்த அளவை வைத்துத்தான் நீங்கள் நட்சத்திரத்தின் வெளிச்சத்தைத் திருத்துகிறீர்களாமே. என் கையெழுத்து அவ்வளவு தூரம் போகிறது என்று அண்ணியிடம் பீற்றிக்கொண்டேன். "முதல்ல மளிகை லிஸ்ட்டை ஒழுங்கா எழுதுங்க" என்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே? அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே.

வேலை அதிகம். உன் புது அளவுகள் பதினொன்றும் வந்து சேர்ந்துவிட்டன. போன வாரம் ஒரு வேடிக்கை. சாவிக்காரம்மாவுக்குத் திடீரென்று பல்வலி. தாடையைப் பிடித்துக்கொண்டு போட்டது போட்டபடி டாக்டரிடம் ஓடினார். அவர் அச்செடுத்த தாள் பிரிண்டரிலேயே கிடந்தது. என் தாள்களோடு சேர்த்து எடுத்துவிட்டேன். உடனே அவர் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

பல்லைப் பிடுங்கிவிட்டார்களாம். இரண்டு நாள் கஞ்சி குடித்துக்கொண்டே அலுவலகம் வந்தார்.

ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறதா? முட்டி வலி குறைந்ததா? அண்ணியின் இருமல் எப்படி இருக்கிறது? எல்லாவற்றையும் எழுது.

உன் தங்கை


மார்ச் 20

வாலுக்கு,

சௌக்கியம். அண்ணியின் இருமல் போய்விட்டது. முட்டியும் பரவாயில்லை. உன் கடிதத்தில் வழக்கமான வம்பு எதுவும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா?

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். குளிர் விட்டதால் ஹீட்டரை எடுத்து வைக்கலாமென்று நேற்றுப் பட்டறைக்குப் போனேன். மீட்டர் மேஜைமேல் இருந்தது. சும்மா போட்டுப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை, ஜன்னல் மூடியிருக்கிறது, முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒன்றரைக் கோடு மேலே நின்றது. ஹீட்டரை அணைத்தேன், இறங்கிவிட்டது. போட்டேன், ஏறிவிட்டது. கம்பியின் சிவப்பை மீட்டர் பார்க்கிறது. ஸ்டாண்டில் பழைய சிவப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்தால் அதற்குள்ளும் அப்படியே வருகிறது. நீலத் துண்டு வைத்தால் வருவதில்லை.

பிப்ரவரியில் அளந்தபோது ஹீட்டர் காலடியில் எரிந்துகொண்டிருந்தது. அது வெளிச்சம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சூடு என்றுதான் நினைத்தேன். ஆக, சிவப்பு ஃபில்டர் உள்ளதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒளி விடுவதாக என் படிவம் சொல்கிறது. கண்ணாடிகள் மறுபடி கேமராவுக்குள் போய்விட்டன. இனி அடுத்த பிப்ரவரியில்தான் கழற்றுவார்கள்.

இதனால் உங்கள் விடை மாறுமா? மாறுமென்றால் எங்கள் நிலையத் தலைவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். நீ சொல்கிறபடி செய்கிறேன். எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. நீ கேட்டதைப் பார்த்தேன். அதனால் விடை மாறாது. தலைவரிடம் சொல்லி எல்லோரையும் குழப்ப வேண்டாம். நீ நிம்மதியாகத் தூங்கு.

அம்மா நலம். அண்ணியின் இருமல் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா? வெந்நீர் ஒத்தடம் நல்லது என்கிறார்கள். அண்ணியின் ஊசிமருந்து அலர்ஜி எப்படி இருக்கிறது? உங்கள் தண்ணீர்த் தொட்டி சரியாகிவிட்டதா?

உன் தங்கை


மே 8

வாலுக்கு,

சௌக்கியம். உன்னிடமிருந்து கடிதம் வந்து ஆறு வியாழக்கிழமை ஆகிவிட்டது. ஜீப் டிரைவர் என்னைப் பார்த்ததும் கையை விரித்துக் காட்டப் பழகிவிட்டார். அண்ணிக்கு எந்தக் காலத்திலும் ஊசிமருந்து அலர்ஜி கிடையாது. யாருடைய அலர்ஜியை விசாரித்தாய்?

நீ எழுதியது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? அன்றைக்கு எட்டு மணி நேரம் தூங்கினேன். படித்த தங்கை இருப்பது நல்லதுதான்.

உங்கள் சந்தேகம் எங்கள் நிலையத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார், சிவப்பு ஃபில்டரை அளந்த படிவத்தின் நகல் வேண்டுமென்று. தலைவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாக் கட்டமும் பூர்த்தியா இருக்கு, அவருக்கு வேற வேலை இல்ல" என்று அனுப்பி வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நீதான் குழப்ப வேண்டாம் என்றாயே.

ஒரு வரியாவது எழுது.

அண்ணன்


ஜூன் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன். மூன்று மாதமாக எழுதாததற்கு மன்னித்துவிடு. எழுத உட்காருவேன், ஏதாவது வேலை வந்துவிடும்.

மே மாதம் குழுக்கூட்டத்தில் சந்தேகம் எழுந்து நின்றார். தூரத்து நட்சத்திரங்கள் சிவப்பு ஃபில்டரில் மட்டும் கொஞ்சம் மங்கலாக விழுகின்றன, வேறொரு டெலஸ்கோப்பின் படத்தில் அப்படி இல்லை, மலையில் எடுத்த அளவு தப்பாக இருக்கலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் "டீயையே நம்பாதவரு, கண்ணாடியை நம்புவாரா" என்றார். மலைப்பக்கம் தெரிந்தவள் என்று என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். படிவத்தைத் திரையில் போட்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடித்தேன். கை தட்டினார்கள் அண்ணா. அவர் என்னையே பார்த்தார், பிறகு தன் தாள்களை ஒழுங்காக அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனார். கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது கீழ்மாடியில் வேறு குழுவில் இருக்கிறார். எதிர் மேஜை காலி.

21ஆம் தேதி திறந்தாயிற்று. தளர்கிறது. அந்தத் தள்ளு குறைந்துகொண்டே வருகிறது என்று எங்கள் விடை. சாவிக்காரம்மா அழுதுவிட்டார். பிஸ்கெட்டும் டீயும் வந்தன. எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். செப்டம்பர் நடுவில் கட்டுரை வெளிவரும்.

அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். காய்கறிக் கடைக்காரர்கூட என்னைப் பார்த்து, "தளருதாமே" என்கிறார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

உன் தங்கை


ஜூலை 13

வாலுக்கு,

சௌக்கியம். பெருமையாக இருக்கிறது. அண்ணி பாயசம் வைத்தாள் என்று எழுதத்தான் ஆசை. சர்க்கரை தீர்ந்துவிட்டதால் வெறும் வாயால் வாழ்த்துகிறோம். சமையல்காரரிடம் "தள்றவனுக்குக் கை தளருதாம்" என்றேன். "வயசாகும்ல" என்றார்.

நேற்றைய ஜீப்பில் யார் வந்தார் தெரியுமா? உங்கள் சந்தேகம். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்ததில் சட்டையெல்லாம் மண். தன் சொந்த விடுப்பில் வந்தாராம். பட்டறையைப் பார்க்கலாமா என்று கேட்டார். மீட்டரைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். "அளக்கும்போது ரூம்ல வேற ஏதாச்சும் இருந்துச்சா?" என்றார். நான் எதற்கு மறைக்க வேண்டும்? ஹீட்டர் இருந்தது என்றேன்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா சார்? என் தங்கச்சிகிட்ட மார்ச்லயே சொல்லிட்டேன். அவ பார்த்துட்டா, ஒண்ணும் இல்லையாம்." டிராயரிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நானே காட்டினேன். நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தார். மேலே போட்டிருக்கும் தேதி சரியானதுதானா என்று கேட்டார். மடித்து என் கையில் கொடுத்தார்.

"பத்திரமா வைங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. டீ கொடுத்தோம், மறுபேச்சில்லாமல் குடித்தார். நல்ல மனுஷன். நீங்களெல்லாம் அவரை இப்படிக் கிண்டல் செய்திருக்க வேண்டாம்.

நீ இளைத்துவிட்டதாக அம்மா நிலையத்துக்குப் போன் செய்து தலைவர் மூலம் சொல்லியனுப்பினாள். டாக்டரைப் பார்.

அண்ணன்


ஜூலை 18

அண்ணா,

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. மார்ச் 26 தேதியிட்டது. காரணம் பிறகு சொல்கிறேன். கிழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை


ஆகஸ்ட் 10

தங்கச்சிக்கு,

நாங்கள் சௌக்கியம்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுத முடியவில்லை. கிழிக்கலாமென்றுதான் எடுத்தேன். கிழிக்கச் சொன்ன பிறகுதான் அதைச் சரியாகப் படித்தேன். அதுவரை எனக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தேன்.

"அதனால் விடை மாறாது." ஜனவரியில் நீ எழுதிய கடிதமும் அதே டிராயரில் இருக்கிறது. திறக்கும் நாள்வரை எது மாற்றும், எது மாற்றாது என்று அந்த அம்மாவைத் தவிர யாராலும் சொல்ல முடியாது என்று அதில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிறகு அந்தப் பல்வலிக் கடிதத்தையும் எடுத்தேன். எனக்குப் பிரபஞ்சம் புரியாது, உன் கையெழுத்து புரியும். 'அவ்வளவுதான்' என்று நீ எழுதினால் அது அவ்வளவு இல்லை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

சந்தேகம் அன்று ஏன் தேதி கேட்டார் என்று இப்போது தெரிகிறது. அவர் நம் வீட்டில் உட்கார்ந்து, நம் சாப்பாட்டைச் சாப்பிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனார். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். என்னால் கிழிக்க முடியாது. கிழிப்பதானால் நீ கிழி. கிழித்தாயா என்று நான் கேட்கமாட்டேன். அடுத்த தடவை வரும்போது வழக்கம்போல்தான் இருப்பேன். ஆனால் உன்னிடம் இனி எதையும் 'மாறுமா' என்று கேட்பேனா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 31

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் மூன்று நாளாகச் சாப்பாடு இறங்குகிறது. அண்ணியும் நீயும் நலமா?

உன் உறை வந்த அன்றே கிழித்திருக்கலாம். பதினோரு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போனேன். கடைசியில் கீழ்மாடிக்குப் போனேன். முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சந்தேகம் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கடிதத்தை மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பிரிக்கவில்லை. "இந்த வாரம் வரைக்கும் பார்ப்போம்னு இருந்தேன்" என்றார். "வராட்டி?" என்றேன். "நானே மேல போயிருப்பேன். ஆனா உங்க அண்ணன் பேரைச் சொல்ல வேண்டி வருமேன்னு இருந்துச்சு." நாற்காலியை என் பக்கம் தள்ளினார். அண்ணா, நான் இந்த மனிதரை முப்பது பேருக்கு முன்னால் முட்டாளாக்கியிருக்கிறேன்.

பிறகு இருவரும் சாவிக்காரம்மாவிடம் போனோம். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பிப்ரவரி கடைசியில் பிரிண்டரில் அந்த எண்ணைப் பார்த்தேன். கவிழ்த்து வைப்பதற்குள் பார்த்துவிட்டேன். அன்று மாலையே என் விடையிலிருந்து அதைக் கழித்துப் பார்த்தேன். தளர்கிறது என்று வந்தது. நான்கு வருஷத்தில் முதல்முறையாக எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று. சொன்னால் விலக்கிவிடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. பத்து நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிட்டேன். தூரத்து ஒளி சிவந்துதான் வரும்; சிவப்புக் கண்ணாடி அதிகம் ஒளி விடுகிறது என்று படிவம் சொன்னதால் அந்த நட்சத்திரங்களை உள்ளதைவிட மங்கல் என்று எடுத்திருந்தோம். ஹீட்டரால் ஏறிய அளவை எடுத்தால் தூரத்து நட்சத்திரங்கள் அவ்வளவு மங்கல் இல்லை, அவ்வளவு தூரமும் இல்லை. தளர்ச்சி முழுவதுமாகப் போய்விடுகிறது. ஒரே அளவு, என்றைக்கும்போல். அதைப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு 'மாறாது' என்று எழுதினேன்.

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா ஆறு மாசம் வேற வேலை கொடுத்திருப்பேன். பார்த்தது உன் தப்பில்ல, நான்தான் தாளை விட்டுட்டுப் போனேன்" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஆறு மாசத்துல எத்தனை பேர் எவ்வளவு உழைச்சாங்க தெரியுமா" என்று மட்டும் கேட்டார்.

கட்டுரையை நிறுத்திவிட்டார்கள். சிவப்பு ஃபில்டரைக் கழற்றி மறுபடி அளக்கச் சொல்லி உங்கள் தலைவருக்கு எழுதுகிறார்கள். குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் எங்கே என்று தெரியாது. சந்தேகம் தன் பழைய மேஜைக்கு வந்துவிட்டார். நான் என் பொருள்களைப் பெட்டியில் போட்டபோது அவர்தான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

உன்னைப் பற்றிக் கவலைப்படாதே. உன்மேல் ஒரு சொல் விழாதபடி பேசினேன். ஹீட்டரை யாராவது விளக்கு என்று நினைப்பார்களா, அதை அனுப்பி வைத்ததே நான்தான், அவன் கண்டுபிடித்ததும் என்னிடம் கேட்டான், மறைத்தது நான் என்றேன். "பாவம், அவருக்கு எப்படித் தெரியும்" என்றார்கள். உன் படிவத்தைப் பற்றி இனி யாரும் பேசமாட்டார்கள்.

அம்மாவிடம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். "அப்ப அது தளரலையா?" என்றாள். "இல்லம்மா." "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்றாள். பிறகு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். மறுநாள் காலையில் கடைக்குப் போய் அவளே திருத்திச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

உன் தங்கை


செப்டம்பர் 7

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணி சௌக்கியம். நீ சாப்பிடுவது கேட்டு அவளுக்கு நிம்மதி. வேலை முடிவாகும்வரை இங்கே வந்து இருக்கச் சொல்கிறாள். ஜீப்பில் முன்சீட்டில் உட்கார வைக்கச் சொல்லி டிரைவரிடம் பேசிவிட்டேன்.

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். என்மேல் ஒரு சொல் விழாதபடி பேசினாய் என்ற இடத்தில்தான் ஒவ்வொரு தரமும் நின்றேன்.

நேற்றுக் காலை தலைவரின் அறைக்குப் போய்விட்டு வந்தேன். என்னைப் பட்டறையிலிருந்து மாற்றுவார்கள் என்று நினைக்கிறேன். அவர் உங்கள் சாவிக்காரம்மாவுக்கு எழுதுவார். அது வருவதற்கு முன் நீ என் கையெழுத்தில் படித்துவிட வேண்டும்.

தலைவரின் அறைக்கும் பட்டறைக்கும் நாற்பதடி. என் முட்டிக்குக்கூட இரண்டு நிமிஷம். மார்ச்சில் அந்த நாற்பதடியை நடக்காமல், இரண்டு நாள் பயணத்தில் இருக்கும் உன்னிடம் ஏன் கேட்டேன்? தலைவர் "திரும்ப அள" என்பார். நீ அண்ணனைக் காப்பாற்றுவாய், "ஒன்றுமில்லை" என்பாய். அதற்காகத்தான் உன்னிடம் கேட்டேன். நீ பொய் சொன்னாய். அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கினவன் நான்.

ஹீட்டர் வெளிச்சம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுதியிருந்தேன். அதையும் நீ நம்பி, போய் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய். பிப்ரவரியில் அன்று நடந்தது இது. ஜன்னல்கள் மூடியிருந்தன. அளந்து முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டேன், பல்ப் சூடாகக் கூடாது என்பதற்காக. டார்ச் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தது. அதை எடுக்க எழுந்திருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. படிவத்தை மேஜைக்கடியில் கொண்டுபோய்க் கம்பிப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன். எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சிவப்பில்தான், 'அறையில் வேறு வெளிச்சம் உண்டா' என்ற கட்டத்தில், 'இல்லை' என்று எழுதினேன்.

அண்ணன்